எந்தச் சாலையில் மிதிப்பது?

சென்ற மாதம் புறநோயாளர் பிரிவில் ஒரு பெரியவர் என் எதிரே அமர்ந்திருந்தார். அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் இருந்தது. அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய கட்டத்துக்கு அவர் இன்னும் வரவில்லை. எடையைக் குறைக்க வேண்டும், தொடைத் தசைகளை வலுப்படுத்த வேண்டும் என்று வழக்கம்போல் விளக்கிவிட்டு, “நாள்தோறும் அரை மணி நேரம் சைக்கிள் மிதிக்கவும்” என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை நிதானமாகப் படித்தார். பிறகு, “மிதிக்கலாம் டாக்டர். முப்பது வருஷம் தபால் பையோட மிதிச்சவன்தான் நான். எந்த ரோட்டுல மிதிக்கிறதுன்னும் எழுதிக் குடுத்துட்டீங்கன்னா நல்லா இருக்கும்” என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. “காலையில் வண்டிகள் குறைவாக இருக்கும்போது...” என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு அடுத்த நோயாளியை அழைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த இதழில் எலும்பு அடர்த்தியைப் பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டிருந்த நான், சாலையைப் பற்றி எழுத அமர்ந்திருக்கிறேன். நோயாளிகளை யாரும் இனங்காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், நிகழ்ச்சிகளை மாற்றவில்லை.

மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு மிதிவண்டியை நாங்கள் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நடக்கும்போது உடலின் எடை முழுவதையும் முழங்கால் தாங்குகிறது. மிதிக்கும்போது எடையின் பெரும்பகுதியை இருக்கை ஏற்றுக்கொள்கிறது. மூட்டு அதிர்வின்றி மடங்கி நீள்கிறது. தொடைத் தசை உழைக்கிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுப்படுவதற்கும் இது துணை செய்யும். இருக்கையின் உயரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்: மிதிகட்டை கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கிய நிலையில் இருந்தால் போதும். தாழ்வான இருக்கையில் அமர்ந்து மிதித்தால் முழங்கால் வலி கூடிவிடும். செலவில்லாத மருந்து என்று நான் பலரிடம் பெருமையாகக் கூறுவதுண்டு. இந்த மருந்தை உட்கொள்ள வேண்டிய இடத்தைப் பற்றி மட்டும் நான் யோசித்ததே இல்லை. மருந்தை உணவுக்கு முன்பா, பின்பா என்று எழுதிக் கொடுக்கும் நான், சைக்கிளை எந்தச் சாலையில் என்று எழுதவில்லை.

அவர் கேட்ட அதே நாளில், இரண்டாம் தளத்தின் எலும்பு முறிவுப் பிரிவில் ஒரு பள்ளி மாணவியும் ஒரு கட்டடத் தொழிலாளியும் சேர்க்கப்பட்டிருந்தனர். இருவரும் மிதிவண்டியில் சென்றபோது அடிபட்டவர்கள். மாணவிக்கு முன்கை முறிவு. பிளாஸ்டர் கட்டோடு தப்பினாள். தொழிலாளிக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஒரே இரவில் முடிகிற வேலையன்று அது. காயத்தைக் கழுவி, வெளியிலிருந்து கம்பிகளால் எலும்பை நிலைநிறுத்தி, சதையும் தோலும் தேறிய பிறகு வேறோர் அறுவை செய்ய வேண்டும். ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருமானம் அந்தக் காலோடு படுத்துக்கிடந்தது என்றே சொல்லலாம்.

இந்தப் பொருளைப் பற்றிப் பிறருக்கு அறிவுரை கூறும் தகுதி எனக்கு முழுமையாக உண்டா என்று தெரியவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், மருந்துக் கடை ஒன்றின் எதிரே காரை ஓரமாக நிறுத்திவிட்டு, பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் வலப்பக்கக் கதவைத் திறந்தேன். பின்னால் மிதிவண்டியில் வந்த பால்காரர் கதவின் விளிம்பில் மோதி விழுந்தார். இரண்டு பால் கேன்களும் கவிழ்ந்தன. பால் தார்ச்சாலையில் ஓடி என் செருப்பை நனைத்தது. அவர் எழுந்ததும் முதலில் தேடியது கேன்களின் மூடிகளை. வலது மணிக்கட்டு கரண்டிபோல் வளைந்திருந்ததை அவர் கவனிக்கவேயில்லை. எலும்பு மருத்துவனான எனக்குப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. பிறகு அவர் என் காரின் கதவைப் பார்த்தார். அதில் சிறு நசுங்கல் இருந்தது. “மன்னிச்சுக்குங்க ஐயா, நான் பாத்து வந்திருக்கணும்” என்றார்.

அவரை என் காரிலேயே மருத்துவமனைக்கு அழைத்து வந்தேன். அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணியிலிருந்த இளம் மருத்துவர் விபத்துப் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு, “எப்படி அடிபட்டது?” என்று கேட்டார். “சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேங்க” என்று பதில் வந்தது. நான் அருகில்தான் நின்றேன். ஒரு நொடி பேசாமல் நின்றேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிறகுதான், “விழவில்லை, நான் கதவைத் திறந்ததில் மோதினார், அப்படியே எழுதுங்கள்” என்றேன். அந்த ஒரு நொடியை நான் இன்றும் மறக்கவில்லை. மணிக்கட்டைச் சீர்செய்து கட்டுப் போட்டேன். ஆறு வாரம் அவர் பால் ஊற்ற இயலாமற்போன இழப்பையும் ஈடுசெய்தேன். எனினும் அவர் கேட்ட மன்னிப்பைத் திருப்பித் தர எனக்கு வழி தெரியவில்லை.

அன்றுமுதல் இடக்கையால்தான் கதவைத் திறக்கிறேன். வலப்பக்கம் அமர்ந்து ஓட்டுபவர் இடக்கையை நீட்டிக் கதவின் பிடியைத் தொட முயன்றால் உடல் தானாகத் திரும்பும். கண் பின்புறத்தைப் பார்த்தே தீரும். இடப்பக்கம் இறங்குபவர்கள் வலக்கையைப் பயன்படுத்த வேண்டும். நெதர்லாந்து நாட்டில் இது பரவலான பழக்கம். ஒரு வாரம் முயன்றால் கைக்கு வந்துவிடும்.

“சைக்கிளில் இருந்து விழுந்துவிட்டார்” என்ற அந்த வாக்கியத்தை இத்தனை ஆண்டுகளில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. நோயாளியும் சொல்வார், அழைத்து வந்த உறவினரும் சொல்வார். சில நேரம் மோதியவரே உடன் வந்து நின்றுகொண்டிருப்பார். “கேஸு கீஸுன்னு போனா அலைச்சல்தான், செலவை நான் பாத்துக்கறேன், பேசி முடிச்சுக்கலாம்” என்பார். முதல் நாள் ஐந்தாயிரமோ பத்தாயிரமோ கைமாறும். அதன் பிறகு அவருடைய தொலைபேசி எண் அணைக்கப்பட்டிருக்கும். மூன்றாம் மாதம் எலும்பு கூடவில்லை, இரண்டாவது அறுவை தேவை என்று நாங்கள் சொல்லும்போது குடும்பம் நகையை அடகு வைக்கக் கிளம்பும். அப்போது வழக்குத் தொடுக்கலாம் என்று முயன்றால், எங்கள் பதிவேடே அவர்களுக்கு எதிராக நிற்கும். ‘தானே விழுந்தார்’ என்றல்லவா அதில் எழுதியிருக்கிறது!

ஆகவே, உறவினர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். விபத்துப் பதிவேட்டில் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். எந்த வாகனம், எந்த இடம், எத்தனை மணி, தெரிந்தால் வாகனத்தின் எண். தெரியாததை ஊகித்துச் சொல்ல வேண்டாம். தெரிந்ததை மறைக்கவும் வேண்டாம். பதிவேட்டின் நகலையும், டிஸ்சார்ஜ் சம்மரியையும், மருந்துக் கடைச் சீட்டுகளையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். மோதியவரைப் பழிவாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். அது நடைமுறையில் இருந்தால் இழப்பீடு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வருகிறது, வாகன உரிமையாளரின் வீட்டுப் பீரோவிலிருந்து அன்று. இதை இரு தரப்பினரும் அறிந்திருந்தால் ‘பேசி முடிக்கும்’ பேச்சுக்கே பெரும்பாலும் தேவை இராது.

இன்னொன்றையும் பலர் அறியாமல் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி, தவறு யாருடையது என்று நிரூபிக்காமலேயே இழப்பீடு கோர முடியும்: உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய். மோதிய வாகனம் நிற்காமல் சென்று, அடையாளமும் தெரியாமற்போனால், 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50 ஆயிரமும் அளிக்கும் திட்டம் நடைமுறையில் உள்ளது. இவற்றுக்கெல்லாம் காலக்கெடு உண்டு. காயம் ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் நடக்கும் விபத்துக்கு, ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் கீழ் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் அரசே ஏற்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், வேறு மாநிலத்தவருக்கும் இது பொருந்தும். அந்தக் கட்டடத் தொழிலாளியின் மனைவி இதைக் கேட்டபோது நம்ப மறுத்தார். கீழ்த்தளத்தில் உள்ள காப்பீட்டு உதவி மேசையில் கேட்டுத் தெளிவு பெறலாம்.

சட்டத்தை விட்டுச் சாலைக்கு வருகிறேன். ‘ஓரமாகப் போக வேண்டியதுதானே?’ என்று மிதிவண்டிக்காரரைப் பார்த்து நாம் அனைவரும் எப்போதாவது சொல்லியிருப்போம். அந்த ஓரம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை இறங்கிப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டோம். பழைய தாரின்மேல் புதிய தார், அதன்மேல் இன்னொரு தார் என்று சாலை உயர்ந்துகொண்டே போக, விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே நான்கு விரற்கடை, சில இடங்களில் ஒரு சாண் பள்ளம். அந்த விளிம்பில் முன்சக்கரம் ஒருமுறை இறங்கினால் மறுபடி ஏற்ற முடியாது. ஏற்ற முயல்பவர் சாலையின் உட்புறம் நோக்கியே விழுவார். பின்னால் வரும் வாகனத்தின் முன்னால். மண், சரளை, மழைநீர் வடிகாலின் கம்பிச் சட்டம், பின்விளக்கின்றி நிற்கும் லாரி, அறுவடைக் காலத்தில் காயும் நெல், அதைச் சுற்றி வைத்த கருங்கற்கள் யாவும் அந்த ஓரத்தில்தான். மிதிவண்டிக்காரர் திடீரென்று வலப்பக்கம் விலகுவதாக நமக்குத் தோன்றுகிறதே, அதற்கு அவர் கண்ட ஒரு பள்ளமோ கல்லோ காரணமாக இருக்கும். நமக்கு அது தெரிவதில்லை; அவர் விலகுவது மட்டுமே தெரிகிறது.

அப்படி விலகக்கூடும் என்று எதிர்பார்த்து இடம் விட்டு முந்துவதே முறை. ஜெர்மனியில் 2020 முதல், ஊருக்குள் மிதிவண்டியை முந்தும்போது ஒன்றரை மீட்டரும் ஊருக்கு வெளியே இரண்டு மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். நம் ஊரில் பலர் முந்தும்போது ஒரு முழம்கூட விடுவதில்லை. ஒலிப்பானை அடித்துவிட்டால் இடம் விட்டதாகவே எண்ணிக்கொள்கிறோம். காற்று ஒலிப்பான் முதுகுக்குப் பின்னால் திடீரென்று அலறும்போது கைகள் தாமாகவே இறுகும், வண்டி ஆடும். பயம் கொடுத்துவிட்டு நேராகப் போ என்றால் எப்படிப் போவது?

வேகத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. 60 கிலோமீட்டரில் ஏறக்குறைய 17 மீட்டர். குறுக்கே ஒருவர் வந்ததைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு நொடிக்கும் மேல் ஆகிவிடும். அதுவரை வண்டி அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கும். வேகம் ஒன்றரை மடங்கானால் மோதலின் ஆற்றல் ஒன்றரை மடங்காகாது, இரண்டேகால் மடங்காகும். அறுவை அரங்கில் எலும்பைத் திறந்து பார்க்கும்போது எங்களுக்கு இந்தக் கணக்கு கண்கூடாகத் தெரியும். மெதுவான மோதலில் எலும்பு இரண்டாக முறிந்திருக்கும்; பொருத்திவிடலாம். வேகமான மோதலில் அது உடைந்த ஓட்டைப் போலச் சில்லுகளாகிக் கிடக்கும். சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு நான்கு விழுக்காடு கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அந்நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் இறக்கின்றனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள், மிதிவண்டியிலும் மோட்டார் இருசக்கர வண்டியிலும் சென்றவர்கள். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர். இறந்தவர்கள்தாம் இந்த எண்ணில் இருக்கிறார்கள். ஒரு காலோடு வீடு திரும்பியவர்கள் இதில் இல்லை.

பேருந்தும் லாரியும் இடப்பக்கம் திரும்பும்போது நடப்பதைத் தனியே சொல்ல வேண்டும். நீளமான வண்டி திரும்புகையில் அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்தில் செல்வதில்லை. உட்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். திருப்பத்தில் அதன் இடப்பக்கம் ஒதுங்கி நிற்பவருக்கு முன்சக்கரம் விலகிச் செல்வது தெரியும். ‘நமக்கு இடம் இருக்கிறது’ என்று நிற்பார். பின்சக்கரம் கால்மேல் ஏறிவிடும். ஓட்டுநருக்கோ அந்த இடம் கண்ணாடியில் தெரியாது. இவ்வகைக் காயங்களில் எலும்பு முறியாமலே தோல் தன் அடியிலுள்ள சதையை விட்டுக் கழன்றிருப்பதுண்டு. மேலே பார்த்தால் சிராய்ப்பு மட்டுமே தெரியும். மூன்றாம் நாள் தோல் கறுக்கும். சக்கரம் ஏறிய காலை, ‘எலும்பு உடையலையே’ என்று எண்ணெய் தடவி வீட்டில் வைத்திருக்காதீர்கள். மிதிவண்டியில் செல்லும் பிள்ளைகளுக்கும் கூறுங்கள்: திரும்பப் போகும் பேருந்தின் இடுக்கில் நுழையக் கூடாது, பின்னாலேயே நின்றுவிட வேண்டும்.

மிதிவண்டிக்காரர்கள் தவறே செய்வதில்லை என்று நான் வாதிடவில்லை. எதிர்த்திசையில் வருகிறார்கள். இரவில் விளக்கோ, பின்புறம் ஒளிரும் பட்டையோ இல்லாமல் கருஞ்சட்டையில் போகிறார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் நால்வர் தோளோடு தோள் சேர்ந்து பேசிக்கொண்டே போகிறார்கள். காதில் பாட்டு. இவற்றையெல்லாம் திருத்த வேண்டியதுதான். இருபது முப்பது ரூபாய்க்கு ஒட்டும் ஒளிர்பட்டை கிடைக்கிறது. பின்சக்கரக் காப்பிலும் மிதிகட்டையிலும் ஒட்டுங்கள். பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் வாங்கிக் கொடுங்கள், விழும்போது தலையைக் காக்கும். ஆனால் இரு தரப்புத் தவறுகளையும் ஒரே தராசில் வைத்து ‘இருவரும் கவனமாக இருக்க வேண்டும்’ என்று முடித்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. மிதிவண்டிக்காரர் தவறு செய்தால் பெரும்பாலும் அடிபடுபவர் அவரே. கார் ஓட்டுபவர் தவறு செய்தாலும் அடிபடுபவர் அவரே. கனமான வண்டியை வைத்திருப்பவருக்கே பொறுப்பும் கனமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இதை எழுதும் நான் கார் வைத்திருப்பவன்.

நான் பிறந்து வளர்ந்தது புதுக்கோட்டை மாவட்டத்தில். 1991–92இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளையும் பெண்கள் கற்றார்கள். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரும் ஊக்கம் தந்தார். கல் உடைப்பவர், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், ஆசிரியை என்று பல்லாயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினர். என் தாயாரும் அவர்களில் ஒருவர். பள்ளி மைதானத்தில், மாலை வெயில் சாய்ந்த பிறகு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்று வாரம் பழகினார். ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பினார்; முன்கம்பியில் என் தங்கையை உட்கார வைக்கலாம் என்பது காரணம். நான் பின்னால் கேரியரில். மூவரும் மூன்று மைல் தூரத்திலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போவோம். தங்கைக்கு அடிக்கடி இளைப்பு வரும். பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே அம்மாவுக்குப் பெரிய விடுதலை. நான் மருத்துவனானதற்கு அந்தப் பயணங்களும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதே சாலையில் போன பொங்கலுக்குக் காரில் சென்றேன். இருமடங்கு அகலமாகியிருக்கிறது. பளிங்குபோல் வழுவழுப்பு. ஒரு பெண்ணையும் சைக்கிளில் காணவில்லை. அம்மாவிடம் கேட்டேன். “இப்ப யாரு இந்த ரோட்டுல சைக்கிள்ல போவா? நான் உன்னையும் அவளையும் வச்சுக்கிட்டுப் போனேன்னா இப்ப எனக்கே நடுங்குது” என்றார். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. மிக நல்ல திட்டம். வண்டி கைக்கு வந்துவிடுகிறது. சாலையில் அவர்களுக்கான இடம் மட்டும் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருகிறது.

மாற்ற முடியாது என்று சொல்லிவிட முடியாது. இன்று மிதிவண்டிக்குப் பெயர்போன நெதர்லாந்திலும் 1950களிலும் 60களிலும் காருக்காகவே சாலைகளை அகலப்படுத்தினார்கள். 1971ஆம் ஆண்டில் அந்தச் சிறிய நாட்டில் ஏறத்தாழ 3,300 பேர் சாலையில் இறந்தனர். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினர். அதன் பின்னரே தனிப்பாதைகள் பெருகின. சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கெனக் கொள்கை வகுத்தது. கொள்கையளவில் நாம் பின்தங்கவில்லை.

ஆனால் நான் மாநகராட்சிக்கு எழுதவில்லை, நம் மருத்துவமனை இதழில் எழுதுகிறேன். ஆகவே நம் வாசலிலிருந்தே தொடங்குகிறேன். நம் வளாகத்தின் தெற்குப் பக்கத்தில் தகரக் கூரையிட்ட சைக்கிள் நிறுத்துமிடம் ஒன்று இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அதைக் கார் நிறுத்தமாக மாற்றினோம். அப்போது மருத்துவர்கள் யாரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை, நானும் தெரிவிக்கவில்லை. எங்களுக்குத்தானே இடம் கிடைத்தது. வார்டு உதவியாளர்களும் தூய்மைப் பணியாளர்களும் சமையற்கூடத்தாரும் இன்றும் மிதிவண்டியில்தான் வருகிறார்கள். இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் போகிறவர்கள் அவர்கள். சைக்கிளை இப்போது மின்மாற்றியின் அருகே, மழையில் நிறுத்துகிறார்கள். அந்த இடத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையை வெளியிட ஆசிரியர் குழு ஒப்புக்கொண்டதையே நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன். நோயாளிகளைப் பார்க்கக் காரில் வருவோரிடமும் ஒரு வேண்டுகோள்: பிரதான வாயிலுக்கு எதிரே இடப்பக்க ஓரத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். அங்கே நிற்கும் ஒவ்வொரு காரும் ஒரு மிதிவண்டியைப் பேருந்தின் முன்னால் தள்ளுகிறது.

சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடப்பதைக் கண்டால் நின்று உதவுங்கள். 108க்கு அழையுங்கள். கழுத்தைத் திருப்பாதீர்கள், தூக்கி உட்கார வைக்காதீர்கள். இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ள முயலாதீர்கள். சோடாவும் தண்ணீரும் கொடுக்க வேண்டாம்; மயக்க மருந்து கொடுப்பதில் சிக்கலாகும். உதவியவரைக் காவல் நிலையத்துக்கு இழுப்பார்கள் என்ற அச்சம் இனித் தேவையில்லை. உச்ச நீதிமன்றம் 2016இல் அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தது; 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் அதற்கெனத் தனிப் பிரிவே சேர்க்கப்பட்டது. பெயரைச் சொல்லும்படி மருத்துவமனையும் உங்களைக் கட்டாயப்படுத்த இயலாது.

எலும்பு முறிவிலிருந்து தேறி வருபவர்கள் ‘மறுபடி எப்போது ஓட்டலாம்?’ என்று கேட்பதுண்டு. வலி நின்றுவிட்டது என்பது விடையாகாது. எக்ஸ்-ரேயில் எலும்பு கூடியிருக்க வேண்டும், திடீரெனக் காலை ஊன்றி நிற்கும் வலு வந்திருக்க வேண்டும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் முன்கம்பியுள்ள சைக்கிளில் காலை வீசி ஏறவே கூடாது. மூட்டு நழுவ வாய்ப்புண்டு. கம்பி தாழ்ந்த வண்டியே ஏற்றது, அதுவும் உங்கள் மருத்துவர் அனுமதித்த பிறகு. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள், கண்புரை உள்ளவர்கள், தூக்க மருந்தோ வலிப்பு மருந்தோ உட்கொள்பவர்கள் சாலையில் இறங்குமுன் எங்களைக் கேளுங்கள். வீட்டிலோ உடற்பயிற்சிப் பிரிவிலோ நிலையான சைக்கிளில் மிதித்தாலும் முழங்காலுக்கு அதே பயன் உண்டு.

அஞ்சல் துறைப் பெரியவர் நேற்று மறுபரிசோதனைக்கு வந்தார். எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. எங்கே மிதிக்கிறீர்கள் என்று இம்முறை நான் கேட்டேன். தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, காலை ஐந்தரை மணிக்குத் தம் தெருவிலுள்ள அரசுப் பள்ளியின் மைதானத்தைச் சுற்றி வருகிறாராம். நாற்பது சுற்று. “ரோட்டுக்குப் போறது எப்ப?” என்றேன். “மைதானத்துக்குப் போக ரோட்டைத் தாண்டணுமே டாக்டர். அதுக்கு மட்டும் இறங்கித் தள்ளிக்கிட்டுப் போறேன்” என்றார். இருக்கையை ஓர் அங்குலம் உயர்த்திக்கொள்ளச் சொல்லி, மூன்று மாதம் கழித்து வரும்படி எழுதிக் கொடுத்தேன்.